எலும்பு முறியவில்லை, பிறகு?



கால் பிரண்டு ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால், அவரும் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தவரும் கேட்பது ஒரே கேள்விதான்: எலும்பு கிலும்பு உடைஞ்சிருக்கா? எக்ஸ்ரே எடுக்கிறார்கள். உடையவில்லை என்றதும் எல்லோர் முகத்திலும் நிம்மதி. வெறும் சுளுக்குதான் என்று சொல்லி ஒரு கிரேப் பேண்டேஜ், மூன்று நாளைக்கு வலி மாத்திரை, பூசிக்கொள்ள ஒரு டியூப் கொடுத்து அனுப்புகிறார்கள். வீக்கம் வடிந்து நடக்க முடிந்ததும் அந்தக் கால் மறந்துபோகிறது. ஆறு மாதம் கழித்து அதே கால் மறுபடி பிரளும்போது, "இந்தக் காலுக்கு இதே வேலை" என்று அலுத்துக்கொள்கிறார்கள். எலும்பைப் பற்றிய அந்தக் கேள்வி தேவையானதுதான். அதற்கு 'இல்லை' என்று பதில் வந்ததும் வைத்தியம் முடிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோமே, அதைத்தான் நான் மறுக்க வந்திருக்கிறேன். கணுக்கால் காயத்தில் பெரும்பாலானவர்களுக்கு வைத்தியம் தொடங்கவேண்டிய இடமே அதுதான்.

இதைக் கோடைக்கானலில் நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. விளையாட்டுக் காயம் என்றதும் நம் மனதில் வருவது மைதானமும் கிரிக்கெட் வீரரும். பழனி மலைத்தொடரில் கணுக்காலை நம்பிப் பிழைப்பவர்கள் வேறு வகையினர். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டு மூட்டையோடு ஏறி இறங்குகிறவர்கள், வட்டக்கானலிலிருந்து சுற்றுலாப் பயணிகளை டால்பின் மூக்குப் பாறைக்குக் கூட்டிப்போகும் இளைஞர்கள், வாலிபாலும் கபடியும் ஆடும் பள்ளிப் பிள்ளைகள், தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்தும் திண்டுக்கல் சாலை வழியாகவும் பல நாள் நடந்து வந்து, கடைசியில் பழனியில் ஏறத்தாழ 690 படிகளையும் ஏறுகிற பக்தர்கள். இவர்களும் தடகள வீரர்கள்தான். பயிற்சியாளரும் பிசியோதெரபிஸ்ட்டும் இல்லாத வீரர்கள். டால்பின் மூக்குக்குக் கீழே வெள்ளகெவி என்னும் ஊர் இருக்கிறது. நெடுங்காலம் வண்டிப்பாதையே இல்லாமல், நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த ஊர். ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை என்ற கட்டுப்பாடும் அங்கே உண்டு. அந்த ஊரின் நடைபாதை மேலும் இறங்கிக் கும்பக்கரைக்குப் போகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைச்சாலை வரும்வரை, பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து கோடைக்கானலுக்கு வந்தவர்கள் ஒன்று நடந்து வந்தார்கள், இல்லையென்றால் நடப்பவர்களின் தோளில் வந்தார்கள்.

அப்படிப்பட்ட பாதையில் ஏறும்போது கால் பிரள்வதைவிட இறங்கும்போது பிரள்வதே அதிகம் என்று மலைக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். உடற்கூறு அவர்கள் பக்கம்தான் பேசுகிறது. முழங்காலிலிருந்து வரும் இரண்டு எலும்புகளின் கீழ்முனைகள் சேர்ந்து ஒரு பொளிபோல நிற்கின்றன. தாலஸ் என்னும் எலும்பு அதற்குள் தச்சன் செருகிய கட்டைபோலப் பொருந்துகிறது. அந்தத் தாலஸ் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். ஏறும்போது பாதம் மேல்நோக்கி மடங்குவதால் அகலமான பாகம் பொளியை அடைத்து மூட்டை இறுக்குகிறது. இறங்கும்போது பாதம் கீழ்நோக்கி நீள்கிறது, குறுகலான பாகம் உள்ளே வருகிறது, மூட்டு தளர்கிறது. அந்த நிலையில் எலும்பு தரும் பிடிப்பு குறைந்து, பாரம் முழுவதும் வெளிப்புறத்து ஜவ்வின்மேல் விழுகிறது. சோலைக்காட்டில் வேர்மேலோ உருளைக்கல்மேலோ பாதத்தின் வெளி விளிம்பு பட்டு உள்பக்கமாக மடங்கினால் முதலில் கிழிவது வெளிக்கணுவின் முன்னால் ஓடும் ஜவ்வு. அதற்கும் மேல் விசை மிஞ்சினால் அடியில் குதிகாலை நோக்கி இறங்கும் ஜவ்வும் சேர்ந்து கிழியும். வாலிபாலில் வலைக்கடியில் எதிராளியின் பாதத்தின்மேல் குதித்து இறங்குகிற பையனுக்கும் நடப்பது இதேதான். பாதை வேறு, விசை ஒன்று.

எலும்புக் கேள்விக்கு முதலில் நேர்மையாகப் பதில் சொல்லிவிடுவோம். கணுக்கால் பிரண்டு அவசர சிகிச்சைக்கு வருபவர்களில் எலும்பு முறிந்திருப்பவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர்கூட இருப்பதில்லை. ஆனாலும் முன்பெல்லாம் எல்லோருக்கும் படம் எடுத்தார்கள். கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1992-இல் ஒரு விதியை வெளியிட்டார்கள். யாருக்குப் படம் தேவை என்பதை விரலையும் நான்கு அடி நடையையும் கொண்டே முடிவு செய்யலாம் என்பது அந்த விதியின் சாரம். பிறகு பல நாடுகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 27 ஆய்வுகளில் 15,581 பேரின் விவரங்களைத் திரட்டி 2003-இல் வந்த தொகுப்பின்படி, முறிவில்லை என்று இந்த விதி சொன்னவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவானவர்களுக்கே உண்மையில் முறிவு இருந்தது. தேவையில்லாத படங்களோ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன. மருத்துவத்தில் இவ்வளவு எளிமையும் இவ்வளவு உறுதியும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம்.

அந்தச் சோதனையைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தவறான இடத்தில் அழுத்துகிறார்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்புகளை வெளிக்கணு, உட்கணு என்று வைத்துக்கொள்வோம். அடிபட்டவர் வலிக்கிறது என்று காட்டுவது வெளிக்கணுவின் முன்புறப் பள்ளத்தை. அது ஜவ்வின் இடம், அங்கே அழுத்தினால் யாருக்கும் வலிக்கும், அதிலிருந்து எதுவும் தெரியாது. எலும்பைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டைவிரலை வெளிக்கணுவின் பின்விளிம்பில், நுனியிலிருந்து நான்கு விரற்கடை மேலே வைத்து, எலும்பின்மேலேயே அழுத்திக்கொண்டு மெல்ல நுனிவரை வரவேண்டும். உட்கணுவிலும் அப்படியே. பிறகு பாதத்துக்கு வந்து, சுண்டுவிரலுக்கு நேராக வெளி விளிம்பின் நடுவில் துருத்தும் எலும்பை அழுத்த வேண்டும். உட்புற வளைவின் மேட்டில் இருக்கும் எலும்பையும் அழுத்த வேண்டும். இந்த நான்கில் எங்காவது எலும்பு நொந்தால் படம் வேண்டும். எங்கும் நோவில்லையென்றால் எழுந்து நான்கு அடி வைக்கச் சொல்ல வேண்டும். நொண்டினாலும் பாரம் இரண்டு காலுக்கும் மாறினால் போதும். அடிபட்டபோதும் வைக்க முடியவில்லை, பரிசோதிக்கும்போதும் வைக்க முடியவில்லை என்றால் படம் வேண்டும். வீக்கம் எவ்வளவு, நீலம் பாரித்திருக்கிறதா என்பதெல்லாம் இந்த விதியில் இல்லை. வீக்கத்தின் அளவை வைத்து முறிவை ஊகிக்கும் நம் பழக்கத்துக்கு ஆதாரம் இல்லை.

இங்கே ஒரு எதிர்ப்பு வரும். மலையில் விஷப்பரீட்சை எதற்கு, சந்தேகம் என்றாலே எல்லோருக்கும் படம் எடுத்துவிடலாமே என்பார்கள். கவுஞ்சியிலிருந்தோ கிளாவரையிலிருந்தோ ஒருவரைக் கோடைக்கானல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவருவதென்றால் ஒரு நாள் கூலியும் வண்டி வாடகையும் போகிறது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். படத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு அதே மனிதரை மறுவாரம் பிசியோதெரபிக்கு வரச் சொன்னால் வரமாட்டார் என்பதுதான் பெரிய நஷ்டம். ஒரு குடும்பம் ஒரு காலுக்காகச் செலவிடக்கூடிய பணமும் பொறுமையும் ஓரளவுதான். அதை முதல் நாளே படத்தில் செலவழித்துவிட்டால் மிச்சம் இருப்பதில்லை. விதியை எல்லோருக்கும் பொருத்திவிடவும் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மது அருந்தியிருப்பவர் வலியைச் சரியாகச் சொல்லமாட்டார். கோடைக்குச் சுற்றுலா வருபவர்களைப் பற்றி இந்த ஊரில் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. வேறு பெரிய காயமும் சேர்ந்திருப்பவர், நினைவு தெளிவில்லாதவர், அடிபட்டு வாரக்கணக்கில் கழித்து வருபவர் ஆகியோருக்கும் இது செல்லாது. வளரும் பிள்ளைகளுக்குக் கணுக்கு அருகில் வளர்ச்சித் தகடு இருக்கிறது. சிறுவர்களிடம் இந்த விதியைச் சோதித்துப் பார்த்ததில் நன்றாகவே செயல்பட்டிருக்கிறது என்றாலும், அங்கே எச்சரிக்கை கூடுதலாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருபவர்கள் சர்க்கரை நோயாளிகள். பாதத்தில் உணர்வு மங்கியவருக்கு முறிவு வலிப்பதில்லை. அவர் நான்கு அடி அல்ல, பழனிவரைகூட நடந்துவிடுவார். பாதயாத்திரையின் நடுவே பாதம் வீங்கிச் சூடாகி, வலி மட்டும் இல்லாமல் இருந்தால் அதைச் சுளுக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் வளைவே சரிந்துபோகும் ஒரு நோயின் தொடக்கமாக அது இருக்கலாம். வழியெங்கும் நீர்மோரும் தைலமும் கொடுக்கும் தொண்டர்கள் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் நல்லது: சர்க்கரை இருக்கிறதா? இருக்கிறது என்றால், வலிக்காத வீக்கத்துக்குத்தான் முதல் வண்டி.

படம் சுத்தமாக இருந்தும் காயம் பெரிதாக இருக்கும் நிலைகள் சில உண்டு. கெண்டைக்காலின் நடுவில் இரண்டு எலும்புகளையும் சேர்த்து அமுக்கும்போது கணுக்காலில் வலித்தால், அந்த எலும்புகளைக் கணுவுக்கு மேலே கட்டி வைத்திருக்கும் ஜவ்வு கிழிந்திருக்கலாம். பாதம் வெளிப்பக்கம் திருகிப்போனவர்களுக்கு இது வரும், சாதாரணச் சுளுக்கைவிட வெகுநாள் எடுக்கும். குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைச் சதையைப் பிழிந்தால் பாதம் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் குதிகால் தசைநாண் அறுந்திருக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும் வீணில்லை, கணுவில் வாங்கிய திருகல் சிலசமயம் அங்கே போய் எலும்பை உடைக்கும். இனி சாதாரணக் கிழிசல் என்றே வைத்துக்கொள்வோம். ஜவ்வு இழுபட்டதா, முழுவதும் அறுந்ததா என்பது முதல் நாள் தெரியாது. வலியும் வீக்கமும் மூட்டை ஆட்டிப்பார்க்க விடாது. நெதர்லாந்தில் வான் டைக் என்ற எலும்பு மருத்துவரின் குழு 1996-இல் காட்டியது என்னவென்றால், நான்கைந்து நாள் கழித்துச் செய்யும் பரிசோதனை முதல் நாள் பரிசோதனையைவிட வெகு துல்லியமானது. ஜவ்வு அறுந்ததை அது பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுகிறது. ஆகவே கணுக்காலுக்கு நோயறிதல் என்பது இரண்டு சந்திப்புகளின் வேலை. முதல் சந்திப்பு எலும்புக்கு. ஐந்தாம் நாள் சந்திப்பு ஜவ்வுக்கு. நம் மருத்துவமனைகளில் அந்த இரண்டாவது சந்திப்பு பெரும்பாலும் நடப்பதேயில்லை.

அந்த இரண்டாவது சந்திப்பை இன்று நடத்துகிறவர் யார் என்று பார்த்தால் நாட்டு வைத்தியர்தான். புத்தூர் கட்டுப் போடுபவரும் ஊரில் சுளுக்கு வழிப்பவரும் மறுகட்டுக்கு வரச் சொல்கிறார்கள், கையால் தொட்டுப் பார்க்கிறார்கள், நோயாளியிடம் பேசுகிறார்கள். மக்கள் அவர்களிடம் போவதற்கு அறியாமை காரணம் என்று சொல்லும் மருத்துவர்கள் இதை யோசிக்க வேண்டும். மூங்கில் சிம்பு வைத்த கட்டு ஒரு மூட்டுக்குத் தாங்கலும் தருகிறது, அதில் தவறில்லை. நான் மறுப்பது இரண்டை மட்டும். முதல் இரண்டு மூன்று நாட்களில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவது, உலக்கையில் காலை உருட்டுவது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது எல்லாம் உள்ளே கசியும் இரத்தத்தையும் வீக்கத்தையும் கூட்டும். எலும்பு பார்க்காமலே இழுத்து 'சொடக்கு' எடுப்பது, நகராமல் இருந்த முறிவை நகர்த்திவிடக்கூடும். காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போகும் என்ற நம்பிக்கையைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. மிதிப்பவர் மெல்ல மிதித்தால் சரி. புளியும் உப்பும் காய்ச்சிப் போடும் பத்து, தோல் புண்ணாகாதவரை, யாருக்கும் கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை.

நவீன மருத்துவமும் தன் பத்துகளை மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறது. ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் பரப்பியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பல ஆண்டுகள் கழித்து அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொன்னால், வலி தணியப் பத்துப் பதினைந்து நிமிடம் குளிர்ச்சி வைக்கலாம், அது கட்டாயமில்லை. கட்டும் உயர்த்தி வைப்பதும் வீக்கத்துக்கு உதவும். முழு ஓய்வு ஓரிரு நாளுக்கு மேல் வேண்டாம், வலி விடுகிற அளவுக்குப் பாரம் போட்டு நடக்க வேண்டும். பாதத்தை மேலும் கீழும் அசைப்பதை முதல் வாரத்திலேயே தொடங்கலாம்.

உடனே எதிர்வாதம் வரும். 2009-இல் லான்செட் இதழில் வந்த ஆங்கிலேய ஆய்வு, கடுமையான சுளுக்குள்ள 584 பேரில் பத்து நாள் மாவுக்கட்டுப் போட்டவர்கள் வெறும் மீள்துணிக் கட்டுப் போட்டவர்களைவிட மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள் என்று காட்டியதே, அப்படியானால் அசையாமல் வைப்பதுதானே சரி என்று கேட்கலாம். அந்த ஆய்வை மதிக்கிறேன். ஆனால் அதில் இருந்தவர்கள் சில நாள் கழித்தும் காலில் பாரமே போட முடியாதவர்கள். அவர்களுக்குப் பத்து நாள் கட்டு வலியைக் குறைத்து நடக்க வைத்தது. கட்டு பத்து நாள்தான், ஆறு வாரம் இல்லை. ஒன்பதாம் மாதம் பார்த்தபோது இரண்டு தரப்புக்கும் வித்தியாசமும் இல்லை. நம் ஊரில் ஜவ்வுக் காயத்துக்கு மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டுக் கெண்டைச் சதை சுருங்கிப்போகும் வழக்கத்துக்கு இந்த ஆய்வு துணை வராது. மிகக் கடுமையான காயத்துக்குக் குறுகிய கட்டு, மற்றவர்களுக்குத் தாங்கலோடு நடை என்பதுதான் அது சொல்வது.

இப்போது என் வாதத்தின் நடுவுக்கு வருகிறேன். வீக்கம் வடிந்த பிறகு என்ன மிச்சம் இருக்கிறது? முதல் முறையாகக் கணுக்கால் பிரண்டவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து டப்ளின் நகர ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், நூற்றுக்கு நாற்பது பேருக்குக் கால் நிலையில்லாமல் தடுமாறுவது தொடர்ந்தது. 'வெறும்' சுளுக்கு என்று நாம் அனுப்பி வைப்பவர்களில் பத்துக்கு நான்கு பேர். காரணத்தை 1965-இலேயே ஃபிரீமன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் சுட்டிக்காட்டினார். ஜவ்வு வெறும் கயிறு அன்று; மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது அவையும் கெடுகின்றன. கயிறு ஆறிவிடுகிறது, செய்தி திரும்பி வருவதில்லை. அவருடைய விளக்கத்தைப் பின்வந்தவர்கள் பல இடங்களில் திருத்தியிருக்கிறார்கள், ஆனால் அவர் கொடுத்த வைத்தியம் நிலைத்துவிட்டது: ஆடும் பலகைமேல் நிற்கப் பழக்குவது. பாதம் மடங்கத் தொடங்கிய பிறகு மூளைக்குச் செய்தி போய், வெளிப்புறத் தசை இழுத்து நிறுத்துவதற்குள் காயம் நடந்து முடிந்துவிடும். அதனால் பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே சரியான கோணத்தில் இருக்க வேண்டும். பயிற்சி பழக்குவது அந்த முன்னேற்பாட்டைத்தான். அதை மாத்திரையும் தைலமும் தராது.

ஆதாரம் வேண்டுமென்றால் நெதர்லாந்திலிருந்து வருகிறது. கணுக்கால் பிரண்டு வழக்கமான சிகிச்சை முடித்த 522 விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மட்டும் எட்டு வாரம் வீட்டிலேயே செய்யும் சமநிலைப் பயிற்சி கொடுத்தார்கள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் அரைமணி. மேற்பார்வைக்கு யாரும் இல்லை. ஓராண்டில் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கும் செய்யாதவர்களில் 33 பேருக்கும் கால் மறுபடி பிரண்டது. 2009-இல் வந்த இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது மேற்பார்வை இல்லாததுதான். மலைக்குப் பிசியோதெரபிஸ்ட் வரமாட்டார் என்ற சாக்கை அது எடுத்துவிடுகிறது.

காலம் எல்லாவற்றையும் ஆற்றும், எங்கள் அப்பன் தாத்தா பயிற்சி செய்தார்களா என்று கேட்பார்கள். பலருக்கு ஆறத்தான் செய்கிறது; பத்தில் ஆறு பேருக்கு. மற்ற நான்கு பேர் யார் என்று முதல் நாள் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். ஆறுவதற்குள் திரும்ப நினைப்பதும் சிக்கல்தான்; வசதியும் நிபுணர்களும் சூழ இருப்பவருக்கே அவசரம் என்ன செய்யும் என்பதை நாடே பார்த்தது. 2023 அக்டோபர் 19 அன்று புனேயில் வங்கதேசத்துக்கு எதிரான உலகக்கோப்பை ஆட்டத்தில் பந்தைக் காலால் தடுக்கப்போய் ஹார்திக் பாண்டியா கணுக்காலில் அடிபட்டார். அந்தத் தொடரில் அவர் திரும்ப வரவில்லை. ஐ.பி.எல். ஆட்டத்தில் மறுபடி களம் கண்டது மறு ஆண்டு மார்ச்சில். சீக்கிரம் திரும்ப முயன்றதே காயத்தை நீட்டித்தது என்று பின்னர் அவரே பேட்டியில் சொன்னார்.

பூண்டு அறுவடை நேரத்தில் எட்டு வாரம் பயிற்சி என்று சொன்னால் சிரிப்பார்கள் என்பது இன்னொரு மறுப்பு. நியாயமானது. ஆனால் நான் கேட்பது வேலையை நிறுத்தச் சொல்லி இல்லை. காலையில் பல் துலக்கும் நேரம் முழுவதும் அடிபட்ட காலில் ஒற்றையாக நிற்க முடியும். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அதுவும் எளிதானால் நான்காக மடித்த சாக்கின்மேல் நிற்க வேண்டும். இரவில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பழைய சைக்கிள் ட்யூபைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் இழுத்தால் வெளிப்புறத் தசைக்கு வேலையாகிவிடும். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது கெண்டைக்கு. முதல் இரண்டு வாரம் வயலுக்குப் போகும்போது கம்பு ஊன்றலாம். கம்பு அடிபட்ட காலின் பக்கம் இருக்கக் கூடாது, எதிர்க் கையில் இருக்க வேண்டும். இதைக் கிட்டத்தட்ட எல்லோரும் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில் போக வேண்டும். இறங்கும்போது கம்பும் நோவுக்காலும் முதலில் போக வேண்டும்.

கணுக்காலை மூடும் உயரமான ஷூ போட்டால் போதுமே என்று மலையேறுபவர்கள் நம்புகிறார்கள். 1993-இல் வந்த ஆய்வில் 622 கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கு உயரமான ஷூவும் தாழ்ந்த ஷூவும் கொடுத்துப் பார்த்ததில் சுளுக்கு எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. கூடைப்பந்துத் தளமும் வட்டக்கானல் வேர்ப்பாதையும் ஒன்றல்ல. நல்ல பிடிப்புள்ள அடிப்பாகம் ஈரப்பாறையில் வழுக்காமல் காக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உயரம் மட்டும் காக்காது. உண்மையில் காப்பது இருபுறமும் கெட்டித் தகடு வைத்த கணுக்கால் பிரேஸ். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1,601 பேரிடம் செய்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில் அது காயத்தைத் தெளிவாகக் குறைத்தது. மருந்துக்கடையில் விற்கும் மீள்துணி உறை அந்த வேலையைச் செய்யாது. பிரேஸ் போட்டால் தசை பலவீனமாகிவிடும் என்ற அச்சத்துக்கும் நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

எப்போது திரும்பலாம் என்பதற்கு நாட்காட்டி பதில் சொல்லாது. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விடாமல் முழங்காலால் சுவரைத் தொடும்போது பெருவிரல் எவ்வளவு தூரம் தள்ளி இருக்க முடிகிறது என்று இரண்டு காலையும் ஒப்பிட வேண்டும். ஒற்றைக் காலில் முப்பது நொடி கண்மூடி நிற்பது, அதே காலில் பத்துமுறை குதிப்பது, எட்டுப்போல வளைந்து ஓடுவது ஆகியவை அடுத்தது. இங்கே ஒரு சோதனையை நானே சேர்ப்பேன்: மூட்டை இல்லாமல் ஒரு சரிவில் இறங்கிப் பார்க்க வேண்டும், சமதளத்தில் தேறிய கால் இறக்கத்தில் தோற்கும். இரண்டு மாதம் கழிந்தும் மூட்டுக்குள் ஆழமாக வலித்தாலோ சிக்கிக்கொள்வதுபோல் இருந்தாலோ தாலஸின் குருத்தெலும்பு பெயர்ந்திருக்கக்கூடும், எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய நேரம் அதுதான், முதல் நாள் இல்லை. பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் கால் தடுமாறிக்கொண்டே இருக்கும் சிலருக்கு ஜவ்வைத் தைத்து இறுக்கும் அறுவை சிகிச்சை நல்ல பலன் தருகிறது. வரிசையில் அது கடைசி.

உடற்கல்வி ஆசிரியர்களிடமும் மலை வழிகாட்டிகளிடமும் ஒரு வேண்டுகோள். கணுக்கால் பிரளப்போகிறவர் யார் என்பதை முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்களில் மிக வலுவானது, அவருக்கு முன்பு பிரண்டிருக்கிறதா என்பதுதான். அணி சேர்க்கும்போதோ நடைப்பயணத்துக்குப் பெயர் எழுதும்போதோ அந்த ஒரு கேள்விக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். ஆம் என்று சொல்பவர்களுக்கு அந்தப் பருவம் முழுவதும் பிரேஸும், பயிற்சி தொடங்கும் முன் பத்து நிமிட ஒற்றைக்கால் நிற்றலும். டால்பின் மூக்குக்குக் கூட்டிப்போகும் குழுவாக இருந்தால், அப்படிச் சொன்னவர் திரும்பும் வழியில் களைத்திருக்கும் நேரத்தில் வழிகாட்டிக்கு அடுத்தபடி நடக்கட்டும். பையில் ஒரு கிரேப் பேண்டேஜும் ஒரு மடக்குக் கம்பும் இருக்கட்டும். கால் பிரண்டால் ஷூவைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். கயிற்றைத் தளர்த்தி, மெல்லக் கழற்றி, விரல் நிறத்தையும் உணர்வையும் பார்த்துவிட்டு, நான்கு இடத்தில் அழுத்தி, நான்கு அடி வைக்கச் சொல்லுங்கள். விரல் வெளுத்தோ மரத்தோ இருந்தாலும், எலும்பு கோணியிருந்தாலும், தோலைக் கிழித்திருந்தாலும் சோதனை வேண்டாம். சிம்பு வைத்துக் கட்டித் தூக்குங்கள். எலும்பு நோகாமல் நான்கு அடி வைக்க முடிந்தவர்களைக் கம்போடு நடத்திக் கூட்டி வரலாம். ஐந்தாம் நாள் அவர் மறுபடி காலைக் காட்டினாரா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.